அம்மை வந்திருக்கா

அச்சு குத்த வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்ப நாராயணபெருமாளுக்கு அவசரமாக ஒரு காரணம் தேவைப்பட்டது.

அச்சு குத்துவது என்றால் அம்மை வராமலிருக்க மேல்கையில் ஊசியால் கீறி மருந்து தடவுவது. கீறின இடம் கொப்புளித்துப் பழுக்கும். இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். பிறகு புளியங்கொட்டை அளவுக்குத் தழும்பு விழும். திருவிதாங்கூர் சர்க்கார் இனாமாகக் கொடுத்தவற்றில் தோவாளைக்காரர்கள் வேண்டாம் என்று சொன்னது இது ஒன்றைத்தான்.

நாராயணபெருமாள் பூ வியாபாரி. அவருடைய ஒரே மகள் பகவதிக்கு மாசிக் கடைசியில் கல்யாணம். பூதப்பாண்டி மாப்பிள்ளை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பலபேர் பதில் சொல்லாமலே இருந்துவிட்ட பிறகு, கடைசியில் அமைந்த இடம். கையில் புண்ணோடும் கண்ணில் காய்ச்சலோடும் பெண்ணை மணையில் உட்காரவைத்தால் இவர்களும் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே அச்சு குத்தக் கூடாது. பெண்ணைப் பெற்றவனுக்குக் கல்யாணம் நெருங்கும்போது அதற்கு மேல் யோசனை ஓடாது.

வாசலில் நின்றவர் சானிட்டரி இன்ஸ்பெக்டர் மாத்தன். கோட்டயத்துக்காரர். தெற்கே மாற்றலானதும் ஒரு முன்ஷியை வைத்து அவசர அவசரமாகத் தமிழ் படித்தவர். பக்கத்தில் மருந்துப் பெட்டியோடு அச்சு குத்துகிற சத்தியராஜ் நின்றார்.

"வீட்டில் எத்தனை ஆள் உண்டு?" என்றார் மாத்தன்.

"இன்னைக்கு ஒண்ணும் சவுகரியப்படாது சாறே. அம்மை வந்திருக்கா."

சொன்னது சத்தியம்தான். அன்று காலையில் அருமனையில் இளைய மகன் வீட்டிலிருந்து அவருடைய தாயார் தாணம்மாள் வந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் பெற்றவளுக்கும் அம்மை என்றுதான் பேர். அந்த நோய்க்கும் அம்மை என்றுதான் பேர். இதனால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை, சொல்கிறவன் முகத்தைப் பார்த்தாலே எந்த அம்மை என்று தெரிந்துவிடும். நாராயணபெருமாளின் முகத்தில் அப்போது இருந்தது வெறும் பயம். அது இரண்டு அம்மைக்கும் பொருந்தும்.

மாத்தன் ஓர் எட்டு பின்னால் வைத்தார்.

"எப்போ வந்து?"

"காலம்பற முதல் பஸ்ஸுக்கு."

"பஸ்ஸிலோ?"

"பின்னே நடந்தா வருவா? ஒரே கூட்டம் சாறே. அடுத்தவ பிள்ளியளை மடியில வச்சுக்கிட்டுல்லா வந்தாளாம்!"

மாத்தனின் கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று.

"முன்னே வந்தது உண்டோ?"

"வருசா வருசம் வருவா. மாசியில வந்தா சித்திரை கழிஞ்சுதான் போவா. வெயில் காலம் அவளுக்கு இங்கதான்."

வெயில் காலத்தில்தான் அம்மை வரும் என்று முன்ஷி சொல்லிக் கொடுத்த பாடத்தோடு இது அப்படியே பொருந்தியது. மாத்தன் குரலைத் தாழ்த்தினார்.

"இப்போ எப்படி இருக்கு?"

"வந்ததுலேருந்து மேலெல்லாம் நோவுன்னு மூலையில படுத்துக்கெடக்கா. முத்து கூட இருக்கு."

முத்து என்றது மனைவி முத்துக்கனியை. ஆனால் அம்மைக் கொப்புளத்துக்குத் தமிழர்கள் மரியாதையாக வைத்திருக்கும் பேரும் முத்துதான் என்பது மாத்தனுக்குத் தெரியும். தமிழ்ப் பரீட்சையில் அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதியவர் அவர்.

"முத்து கூடுதலோ?"

நாராயணபெருமாளுக்கு வெட்கம் வந்துவிட்டது. "கொஞ்சம் கூடுதல்தான் சாறே. கல்யாணம் ஆன புதுசுல ஒல்லியாத்தான் இருந்தா."

சத்தியராஜ் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தார். அவர் உள்ளூர்க்காரர், எல்லாம் புரிந்தது. ஆனால் முன்பு ஒரு தடவை மேலதிகாரியைத் திருத்தப்போய், மலையடிவாரத்துக்கு மாற்றலாகி, அட்டைக்கடியில் ஒரு மழைக்காலம் கழித்தவர். அதற்குப் பிறகு அவர் யாரையும் திருத்துவதில்லை.

இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஓடினார்கள்.

"பாத்தியாட்டி?" என்றார் நாராயணபெருமாள் உள்ளே வந்து. "ஒரே வார்த்தை. ஆளு பறந்துட்டான்."

முத்துக்கனிக்கு வேறு கவலை. "அத்தை ஒரு வாய் கஞ்சி குடிக்கல்ல. இஞ்சேருங்க, அங்க கொழுந்தன் பொண்டாட்டியோட சண்டையா இருக்குமோ?"

"இல்லாம? தம்பி எங்கன்னு கேட்டேன். அவன் வரல்லன்னு சொன்னா. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே."

காலையில் கிழவி வந்து நின்ற நேரத்தில், முத்துக்கனி சந்தோஷம் தாங்காமல் "நல்ல நேரத்துலதான் வந்திய அத்தே, பகவதிக்குக் கல்யாணம் உறப்பிச்சாச்சு" என்று கத்தியிருந்தாள். கிழவி அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். பேத்தி கல்யாணத்துக்கு ஆனந்தக் கண்ணீர் விட்டதாக முத்துக்கனி நாலு வீட்டில் சொல்லியாயிற்று. அதோடு சண்டை விஷயத்தை யாரும் கிளறவில்லை.

அந்த மாசம் எங்கும் தீனத்தை, அதாவது அம்மை நோயைப் பற்றித்தான் பேச்சு. கடற்கரையில் வந்திருக்கிறது என்று மலைக்காரர்கள் சொன்னார்கள். மலையில் என்று கடற்கரைக்காரர்கள் சொன்னார்கள். எங்கேயும் இல்லை என்று சர்க்கார் கச்சேரியில் சொன்னார்கள். செத்தவர்கள் எல்லாம் காய்ச்சலில் செத்ததாக எழுதிக்கொண்டார்கள். அப்படி ஊர் பேர் இல்லாமல் அலைந்துகொண்டிருந்த தீனத்துக்கு, மாத்தன் அன்று மத்தியானம் ஒரு விலாசம் கொடுத்தார். தோவாளை, நாராயணபெருமாள் வீடு.

சாயங்காலம் அந்த வீட்டு வாசலில், அம்மை கண்ட வீட்டுக்குக் கட்டுகிற சிவப்புக் கொடி பறந்தது. நாராயணபெருமாள் அதைக் கட்சிக் கொடி என்று நினைத்தார். சட்டசபைத் தேர்தல் சமயம், யாராவது கட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று விட்டுவிட்டார்.

மறுநாள்தான் விஷயம் முற்றியது. தாணம்மாள் வந்த பஸ்ஸை நாகர்கோவிலில் பிடித்து நிறுத்தி, ஆளை இறக்கி, பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். ஓட்டுநரையும் கழுவினார்கள் என்று கேள்வி. தோவாளைப் பூ என்றால் தொடுவதற்கு ஆள் இல்லை. கோட்டாற்றுக் கடைக்காரர்கள் கூடையைக் கம்பால் தள்ளி ஓடையில் கவிழ்த்தார்கள். பறித்த பிச்சியும் அரளியும் மரிக்கொழுந்தும் தெருவிலேயே கிடந்து அழுகின. பூ அழுகினால் வரும் நாற்றம் இருக்கிறதே, அது பூ வாசத்தைவிட அதிக தூரம் போகும். ஊரில் பாதிப் பேருக்கு அன்று உலை ஏறவில்லை. எதனால் என்று நாராயணபெருமாளுக்கு மட்டும் தெரியவில்லை.

பூதப்பாண்டியிலிருந்து ஓர் ஆள் வந்தான். வாசலுக்கு வரவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று கத்தினான்.

"சம்பந்தி சொல்லச் சொன்னாவ! கல்யாணம் வேண்டாமாம்!"

நாராயணபெருமாள் வாசலுக்கு ஓடி வந்தார். "ஏண்டே? என்ன குத்தம் கண்டாவ?"

"உங்க வீட்டுல அம்மை வந்திருக்காமே!"

"அதுக்காவ கல்யாணத்தை நிறுத்துவாளா? அவ நடத்தி வைக்கதுக்குல்லா வந்திருக்கா! வேணும்னா நாளைக்குப் பூதப்பாண்டிக்கே கூட்டிட்டு வாறேன், சம்பந்தி நேருல பாக்கட்டும்!"

அந்த ஆள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான்.

அவன் ஓடின வேகத்தைப் பார்த்தபிறகுதான் நாராயணபெருமாளின் மண்டையில் உறைத்தது. கொடியைப் பார்த்தார். உள்ளே மூலையில் படுத்திருந்த தாயைப் பார்த்தார். "அய்யோ, எனக்க நாக்கை வெட்டணும்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

உள்ளே பகவதி புதுச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகையைப் பார்த்த பிறகு அவருக்கு வீட்டில் இருக்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். நாராயணபெருமாளுக்கு வேலிக்கு வெளியே நின்று பேச அனுமதி கிடைத்தது.

"சாறே, தப்பு நடந்துபோச்சு. அம்மைன்னு நான் சொன்னது எங்க அம்மாவை."

"அறியாம், எனக்குத் தெரியும். அம்மா என்று மரியாதையாகத்தான் சொல்லும்."

"மரியாதை இல்ல சாறே, தாயி! என்னைப் பெத்தவ!"

"லோகத்தையே பெற்றவள் என்றும் சொல்லும். முன்ஷி பறஞ்ஞது உண்டு."

"அவளுக்குப் பேரு இருக்கு சாறே! தாணம்மாள்!"

மாத்தன் இரக்கத்தோடு தலையசைத்தார். "ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு பேர். மாரியம்மாள், முத்தம்மாள், தாணம்மாள். எல்லாம் ஒன்றுதானே."

"எங்க அப்பன் தாலி கட்டின பொண்டாட்டி சாறே!"

"அச்சன் பேர் எந்தா?"

நாராயணபெருமாள் தயங்கினார். வேறு வழியில்லை. "பரமசிவம்."

"அதும் சரிதான்," என்றார் மாத்தன்.

இனி பேசிப் பயனில்லை, ஆளைக் கண்ணில் காட்டிவிட வேண்டியதுதான் என்று நாராயணபெருமாள் முடிவு செய்தார். மாத்தனைக் கெஞ்சிக் கூத்தாடித் தெருமுனைவரை வரவழைத்துவிட்டு, வீட்டுக்குள் ஓடித் தாயின் கையைப் பிடித்து இழுத்தார்.

"நான் வெளிய வரல்ல மக்கா. விட்டுரு."

"ஒரு நிமிசம் அம்மா. வாசல்ல வந்து நின்னா போரும்."

கிழவி முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு வந்தாள். நாராயணபெருமாள் பெருமையோடு முக்காட்டை விலக்கினார். "இன்னா பாத்துக்கிடுங்க சாறே, அம்மை!"

தாணம்மாள் சின்ன வயதிலேயே ஒரு தடவை அம்மை போட்டுப் பிழைத்தவள். முகம் முழுக்கத் தழும்பு. பிறந்ததிலிருந்து அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்த மகனுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. பெற்றவள் முகத்தில் யார் தழும்பைப் பார்க்கிறார்கள்? ஆனால் அம்மையைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த மாத்தனுக்கு, சாயங்கால வெளிச்சத்தில், தெருமுனையிலிருந்து, அந்தத் தழும்பு மட்டும்தான் தெரிந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் சிவப்புக் கொடி. மறுநாள் காலையில் போலீஸ் காவலோடு வந்து எல்லாருக்கும் அச்சு குத்தப்படும், முதலில் நாராயணபெருமாள் வீட்டில் தொடங்கும் என்று தண்டோரா போட்டார்கள்.

போலீஸ் வந்தது. வீட்டில் பகவதி இல்லை. விடிவதற்கு முன்பே அவளைப் பின்சுவர் ஏற்றிப் பக்கத்துத் தோட்டத்துப் பூப்பந்தலுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். நாராயணபெருமாளுக்கும் முத்துக்கனிக்கும் கையில் கீறினார்கள். தாணம்மாளைச் சத்தியராஜ் கிட்டே வந்து பார்த்தார். பழைய தழும்பு என்று அவருக்குத் தெரிந்தது. "பாட்டி, எந்த ஊருலேருந்து வாறிய?" என்று மெதுவாகக் கேட்டார்.

கிழவி வாயைத் திறப்பதற்குள் நாராயணபெருமாள் குறுக்கே பாய்ந்தார். "வே, உள்ளூர்க்காரன் நீரு, ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? இப்ப என்ன விசாரணை? எல்லாம் உம்மாலதான்!"

சத்தியராஜ் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

தெருக்காரர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நாராயணபெருமாளின் வாசலில் வந்து நின்று ஏசினார்கள். பூ போச்சு, பிழைப்பு போச்சு, கையும் போச்சு என்றார்கள். யாரோ நல்லெண்ணத்தில் கதவில் வேப்பிலை செருகிவிட்டுப் போனார்கள். அவருக்கு அந்த நேரத்தில் அழுகை வந்தது. மகள் கல்யாணத்துக்கு மாவிலை கட்ட வேண்டிய கதவு அது.

கடைசியில் ஒருவர்தான் மிச்சம். வடசேரி வக்கீல் கிருஷ்ணமணி.

கிருஷ்ணமணி சட்டசபைக்கு நிற்கிறவர். நாராயணபெருமாள் போனபோது அவர் கண்ணாடி முன் நின்று பிரசங்கம் பழகிக்கொண்டிருந்தார். "தீனம் வாசலில் வந்து நிற்கிறது! சர்க்கார் தூங்குகிறது!" என்பது அதன் ஆரம்பம்.

நாராயணபெருமாள் முழுக் கதையையும் சொன்னார். வக்கீல் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார்.

"தீனம் எங்கே இருக்கிறது? சர்க்காரின் கனவில் இருக்கிறது!" என்றார். "எப்படி வே? இது கொள்ளாமா, நல்லா இருக்கா?"

"கொள்ளாம் எஜமான். ஆனா எனக்க மக கல்யாணம்..."

"அதும் நடக்கும். எதிர்க்கட்சி ஞானதாசன் என்ன செய்யுகான்னு பாத்தீரா? காண்ட்ராக்டு எடுத்து வீடு வீடா பினாயில் கொடுக்கான். தீனம் உண்டுன்னு சொன்னாத்தான் அவனுக்குப் பினாயில் விக்கும். அப்பம் நாம என்ன சொல்லணும்?"

"என்ன சொல்லணும் எஜமான்?"

"தீனம் இல்ல!"

அப்படித்தான் தோவாளையில் உண்டு கட்சி, இல்லைக் கட்சி என்று இரண்டு கட்சி ஆயிற்று. பூ வியாபாரிகள் மொத்தமும் இல்லைக் கட்சி. அவர்களைக் குறை சொல்லி என்ன? தீனம் உண்டு என்றால் அவர்கள் பட்டினி, இல்லை என்றால் சோறு. வயிறு எந்தக் கட்சியில் சேரச் சொல்லுமோ அதில்தான் மனிதன் சேருவான். உண்டு கட்சியில் ஞானதாசனும், அவரிடம் பினாயில் சுமக்கிற கூலிக்காரர்களும், மாத்தனும் இருந்தார்கள். மாத்தனுக்குத் தான் ஒரு கட்சியில் இருப்பதே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில் பொதுக்கூட்டம். "தோவாளைக்கு வந்த அம்மையை நேரில் காணலாம்" என்று நோட்டீஸ் போட்டிருந்தார் வக்கீல்.

"நான் வரப்பிடாது மக்கா," என்றாள் தாணம்மாள். வந்த நாளிலிருந்து அவள் மூலையை விட்டு எழவே இல்லை. பகவதி தலை வாரிவிட உட்கார்ந்தால் கூட, "கிட்ட வராதட்டி, அங்க போ" என்று விரட்டினாள். பேத்தி சிரித்துக்கொண்டே இன்னும் ஒட்டி உட்காருவாள். "கூட்டத்துக்குள்ள நான் வரப்பிடாது. சொன்னாக் கேளு."

"என்ன அம்மா வெக்கம்? அரை நாழிய இருந்தா போரும்."

"வெக்கம் இல்ல மக்கா."

"நீ வராட்டா உனக்க பேத்தி கல்யாணம் நின்னு போவும். பொறவு அவளுக்கு ஒருத்தனும் வரமாட்டான். அதுக்கு நீ சம்மதமா?"

கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

கூட்டத்தில் இப்படி ஒரு ஜனத்தைத் தோவாளை பார்த்ததில்லை. ஆரல்வாய்மொழியிலிருந்தும் பூதப்பாண்டியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். விற்காமல் கிடந்த பிச்சியெல்லாம் மாலையாகி மேடைக்கு வந்தது.

"மகாஜனங்களே!" என்றார் கிருஷ்ணமணி. "நம்ம பஸ்ஸை நிறுத்தின அம்மை, நம்ம பூவை ஓடையில் கவிழ்த்த அம்மை, நம்ம கையையெல்லாம் கீறிய அம்மை, இதோ உட்கார்ந்திருக்கிறாள்! இவளைக் கண்டு பயந்தவர் நம்ம இன்ஸ்பெக்டர்! இவளைக் கண்டு பயப்படுகிறவர் இங்கே யாராவது உண்டா?"

"இல்ல!" என்று கூட்டம் கத்தியது.

"அப்படியானால் வந்து தொட்டுப் பாருங்கள்!"

வரிசையாக வந்தார்கள். காலைத் தொட்டார்கள், கையைப் பிடித்தார்கள், "அம்மை எப்பிடி இருக்கா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து மடியில் போட்டார்கள். தாணம்மாள் கையைத் தூக்கிக்கொண்டாள். "பிள்ளியளை எடுங்கம்மா, எடுத்துட்டுப் போங்க" என்று கெஞ்சினாள். கிழவிக்குக் கூச்சம் என்று அதற்கும் சிரித்தார்கள். வக்கீல் தன் பேரனை ஒரு குளிர்ந்த ரோஜா மாலையோடு கொண்டுவந்து அவள் மடியில் உட்காரவைத்து, எல்லாரும் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டார்.

நாராயணபெருமாள் மேடைக்குக் கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தில் அவர் தேடினது ஒரே முகத்தை. அதுவும் கிடைத்தது. பூதப்பாண்டிச் சம்பந்தி வரிசையில் நின்று, தாணம்மாளை வணங்கிவிட்டு, சிரிப்பும் வெட்கமுமாக அவரிடம் வந்தார்.

"எளவு, ஒரு சொல்லு என்ன பாடு படுத்திட்டு பாத்தீரா?"

"ஆமா ஓய். கல்யாணம்...?"

"வச்ச நாளுல நடக்கும். சம்பந்தியம்மை முன்னால நின்னு நடத்தட்டும்!"

அதைக் கேட்டு நாராயணபெருமாளும் சிரித்தார். இத்தனை நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

அந்த வாரத்திலேயே மாத்தன் மாற்றப்பட்டார். தமிழ் சரியாகத் தெரியாத உத்தியோகஸ்தரால் ஜனங்களுக்கு ஏற்பட்ட கஷ்டம் என்று பத்திரிகையில் வந்தது. கொடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். மிச்சத் தெருக்களுக்கு அச்சு குத்தப் பெட்டியோடு வந்த சத்தியராஜை, இல்லைக் கட்சிப் பையன்கள் ஆற்றுப் பாலம் வரை துரத்திவிட்டு வந்தார்கள். பஸ் ஓடியது. பூ ஏறியது. தோவாளைப் பூவைக் கேட்டு வாங்கினார்கள். தேர்தலில் கிருஷ்ணமணி ஜெயிப்பார் என்று எல்லாரும் சொன்னார்கள். பந்தயம் கட்டக்கூட ஆள் கிடைக்கவில்லை.

மாசிக் கடைசியும் வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள், பந்தக்கால் நட்டாயிற்று. வீடு கொள்ளாத கூட்டம். வந்தவர்களெல்லாம் முதலில் போய்த் தாணம்மாளைப் பார்த்து, "அம்மை வந்திருக்காளா?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தலுக்கு வந்தார்கள். அந்தத் தமாஷ் பழசாகவே இல்லை.

ஒரு குறைதான் நாராயணபெருமாளுக்கு. தம்பி வரவில்லை. சொல்லியனுப்பின ஆளும் ஏனோ திரும்பி வரக்காணோம்.

"சண்டையும் சச்சரவும் எந்த வீட்டுல இல்ல?" என்றார் தாயிடம். "நாளைக்குக் காலம்பற நானே அருமனைக்குப் போறேன். அவனுக்க காலுல விழுந்தாவது கூட்டிட்டு வாறேன். சித்தப்பன் இல்லாம ஒரு கல்யாணமா?"

தாணம்மாள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போது முத்துக்கனி உள்ளேயிருந்து பகவதியைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தாள். "இஞ்சேருங்க, பிள்ளைக்கு மேலு காயுது. தலை இடிக்கி, இடுப்பு முறியுதுங்கா. நேத்துலேருந்தே இப்பிடித்தான் இருந்திருக்கா, சொல்லல்ல."

"மஞ்சத் தண்ணியில குளிச்சது ஒத்துக்கிடல்ல," என்றாள் ஒருத்தி.

"கண்ணு பட்டிருக்கும். ஊரு கண்ணு மொத்தமும் இந்த வீட்டு மேலல்லா!"

"அதெல்லாம் இல்லட்டி," என்றார் நாராயணபெருமாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "இது கல்யாணக் காய்ச்சல். தாலி ஏறினா இறங்கிரும்!"

பந்தல் முழுக்கச் சிரித்தது. பகவதியும் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள்.

தாணம்மாள் எழுந்து வந்தாள். இத்தனை நாள் கிட்டே வராதே என்று விரட்டின பேத்தியின் நெற்றியில் முதல் தடவையாகக் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"அருமனைக்குப் போவாண்டாம் மக்கா," என்றாள். "கல்யாணம் நிக்கப்பிடாதுன்னுதான் வாயைத் தொறக்கல்ல. உனக்க தம்பியைக் குழியில வச்சுட்டுத்தான் நான் பஸ்ஸு ஏறினேன். அவனுக்கும் இப்பிடி மேலு காஞ்சுதான் தொடங்கிச்சு."